வாய் ஒருவர், கை ஒருவர்

நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடக்கும் வினாடி வினாவுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் ஓர் அணி. ஒருவர் வாய், இன்னொருவர் கை. கேள்வி வந்ததும் வாய் தன் விடையைக் கையின் காதில் மட்டும் சொல்லும். கை அதைச் சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடிக்கும். கைக்கென்று சொந்தமாக ஒரு விடை கிடையாது. முன்பு ஒரு கணவனும் மனைவியும் நெப்போலியன் எந்தத் தீவில் இறந்தார் என்று ஆரம்பித்து, யார் வீட்டு விசேஷத்தில் யாருக்கு மரியாதை குறைந்தது என்பதுவரை போய்விட்டார்கள். அன்றைக்கு நூலகர் அம்மாள் மணியை ஓங்கி அடித்துப் போட்ட சட்டம் இது. அதற்குப் பிறகு சண்டை இல்லை. சிலேட்டுகளும் உடையவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன்தான் இந்தக் கதையில் கை. வாய் அவனுடைய அக்காவின் கணவர். அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஊர் அவரைக் களஞ்சியம் என்றுதான் கூப்பிடும். வானத்துக் கோளிலிருந்து வயலின் தந்திவரை எதைக் கேட்டாலும் எடுத்த எடுப்பிலேயே பதில் வரும். இருமல் மருந்து வாங்கப் போனவன் ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வர முடியும்.

கண்ணாடிக்காரனோ பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைத் தேய்த்தவன். கண்ணாடிக்கடை வைக்கும்போது இடம் பார்த்துக் கொடுத்தது அத்தான். அலமாரி தச்சரிடம் சண்டை போட்டு வேலை வாங்கியதும் அத்தான்தான். அத்தானின் பக்கத்தில் கையாக உட்கார்ந்த பிறகுதான் அவனையும் நாலு பேர் மதித்தார்கள். அணி வாங்கிய கேடயங்களைத் தன் கடையின் முன் அலமாரியில், மூக்குக் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே அடுக்கி வைத்திருந்தான். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிப்பதற்கு முன்னால் கேடயத்தைப் படித்துவிட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு.

எல்லாம் ஒரு கோளில் ஆரம்பித்தது. போன வருஷம் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. சூரியக் குடும்பத்திலேயே வெப்பம் மிகுந்த கோள் எது என்று நூலகர் கேட்டார். அத்தான் அவன் காதில் குனிந்து, "புதன்" என்றார்.

கண்ணாடிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே அத்தான்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு விளக்கியிருந்தார். "பக்கத்துல இருக்கறது புதன்தான் மாப்ளே. ஆனா அதுக்குப் போர்த்திக்க ஒண்ணுமில்ல. வெள்ளியைப் பாரு, கனமான காத்தைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அதான் புழுங்கிச் சாகுது." அப்படிச் சொன்ன மனுஷர் இப்போது புதன் என்கிறார். வாய் குழறியிருக்கும் என்று நினைத்து, அவன் 'வெள்ளி' என்று எழுதித் தூக்கினான்.

"வெள்ளி. சரியான விடை" என்றார் நூலகர்.

அத்தான் சிலேட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டி, "ஆமா, அதான்" என்றார்.

அந்த 'ஆமா, அதான்' கண்ணாடிக்காரனுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த முறை டேபிள் டென்னிஸில் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற கேள்விக்கு அத்தான் இருபத்தொன்று என்றார். அது பழைய கணக்கு, மனுஷர் பழைய ஆட்டக்காரர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பதினொன்று என்று எழுதினான். அதற்கடுத்து வயலினுக்கு ஆறு தந்தி என்றார். அதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. நான்கு என்று மட்டும் எழுதினான். பிறகு சமாதானம் தேடுவதையே விட்டுவிட்டான். அத்தான் சொல்வார், அவன் வேறொன்றை எழுதுவான், அத்தான் சிலேட்டைப் பார்த்து "ஆமா, அதான்" என்பார். சொன்னது அவருக்கே மறந்துவிடுகிறது, அதனால் அவருக்கு வலியும் இல்லை என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். அவன் எழுதிய விடைகள் எல்லாம் அத்தான் எப்போதோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவைதான். அதைத் திருட்டு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். நல்ல மருத்துவர் ஒருவரிடம் காட்டியிருக்கலாம். இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்னால் அடுத்த ஞாயிறு அத்தான் வாயாக உட்காரமாட்டார்; வாய் இல்லாமல் இவன் கையும் இல்லை. அலமாரியில் கேடயம் வைக்க இன்னும் இடம் இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அந்த இடம்தான் அவன் நாக்கைக் கட்டிப்போட்டது. அத்தான் மேல் இருந்த பாசம் இரண்டாவது காரணம். அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் அது முதல் காரணமாக ஏறிவிடும்.

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகு, மருந்துக்கடைத் தெருவில் இருந்த தையல்காரம்மா மயங்கி விழுந்தார்.

ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனவர் அவர். கையில் கொடுத்தனுப்பியது சர்க்கரை நோய் மாத்திரை. சர்க்கரையே இல்லாத உடம்பில் அது வேலையைக் காட்டிவிட்டது. தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தவரை மகள் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் மாத்திரை அட்டையோடு மகள் கடை வாசலில் வந்து நின்று போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

யார் எடுத்துக் கொடுத்தது? "கடைப்பொண்ணுதான்" என்றார் அத்தான். "இல்ல, சார்தான் எடுத்தாரு" என்றாள் மருந்தாளர் படிப்பு முடித்துவிட்டு அங்கே வேலை பார்த்துவந்த பெண். இரண்டு பேரும் பொய் சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை என்பதுதான் சங்கடம்.

அன்று மாலை அக்கா தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள். கடைக் கணக்கு வழக்கு, ஆள் வைப்பது, நீக்குவது எல்லாம் அவள் கையில்தான். சமையலறையில் நின்று காய் நறுக்கிக்கொண்டே பேசினாள். அடுத்த அறையில் அத்தான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு என்கிட்டயே சொல்றாடா, சாருக்கு மறதி வந்துருச்சு, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. என்ன நெஞ்சழுத்தம் பாரு! தான் செஞ்ச தப்பை அவர் தலையில கட்டறா."

"ம்."

"வாராவாரம் ஜெயிச்சுட்டு வர்ற மனுஷனுக்கா மறதி? ஊரே களஞ்சியம்னு கூப்பிடுது. நீ சொல்லு, பக்கத்துலேயே உட்கார்றியே. உனக்கு ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

கத்தி நின்றது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் பயமும் இருந்தது. அதை அவன் பார்த்தான். இல்லை என்று சொல்லேன் என்று கெஞ்சும் பயம் அது.

"அத்தானுக்கா?" என்று சிரித்தான் கண்ணாடிக்காரன். "அவர் நமக்கெல்லாம் ஞாபகத்தைக் கடனா கொடுப்பாருக்கா."

அக்காவின் தோள் நிம்மதியில் தளர்ந்தது. "அதான் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை இறுதிப் போட்டி முடியட்டும். திங்கட்கிழமை அவளை நிறுத்திடறேன். ஏன் நிறுத்தினோம்னு யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லத்தான் செய்வேன். மருந்து விஷயம், விளையாட்டா என்ன?"

தவறான மருந்து கொடுத்தவள் என்று பேர் எடுத்த பெண்ணை வேறெந்த மருந்துக்கடையும் வாசலில்கூட நிற்க விடாது. இது கண்ணாடிக்காரனுக்கு அக்கா சொல்லாமலேயே தெரியும். அன்று அந்த வீட்டில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். உடனே அத்தான் எழுந்துபோய் அட்டையோடு ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தான். தூக்க மாத்திரை.

மறுநாள் அந்தப் பெண்ணே அவன் கடைக்கு வந்தாள். அவன் ஒரு கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னும் மும்முரமாகத் துடைத்தான்.

"சார், கொஞ்ச நாளாவே அவர் எடுக்கற மருந்தை நான் ஒருவாட்டி பார்த்துட்டுத்தான் கொடுக்க விடுவேன். அவருக்குத் தெரியாமத்தான். அன்னைக்கு நான் உள்ளே சரக்கு அடுக்கிக்கிட்டு இருந்துட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா எடுத்தது நான் இல்ல சார்."

"இதை ஏம்மா என்கிட்ட சொல்றே?"

"நீங்கதானே பக்கத்துல உட்கார்றீங்க. அவர் சொல்றதை உங்க காது மட்டும்தானே கேட்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளியம்மா நம்புவாங்க. என் வேலைக்காக மட்டும் கேட்கலை சார். இன்னைக்குத் தையல்காரம்மா பிழைச்சாங்க. நாளைக்கு யாரோ?"

அவன் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். அதில் ஒரு துளி அழுக்கும் இல்லை. "எனக்கு அப்படி எதுவும் தெரியலையேம்மா" என்றான். வாய் கூசாமல் வந்துவிட்டது.

அவள் அலமாரியில் இருந்த கேடயங்களை ஒரு பார்வை பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். "அப்பாவுக்கு நீங்க போட்டுக் கொடுத்த கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு சார். இப்ப அவரே பேப்பர் படிக்கறாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அந்த வாரம் முழுக்க அவன் நிலைகொள்ளாமல் தவித்தான். அக்கா வீட்டு வாசல்வரை போனான். செருப்பைக் கழற்றுமுன் திரும்பிவிட்டான். இன்னொரு நாள் உள்ளேயே போய்விட்டான். அக்கா காபி கொடுத்தாள், குடித்துவிட்டு மழை வருமா என்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தான். கடையில் ஒருவருடைய இடது கண் வில்லையை வலது கண்ணுக்குப் பொருத்தித் திட்டு வாங்கினான். சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இறுதிப் போட்டிக்கு எல்லார் குடும்பமும் வரும், அக்காவும் வருவாள். நாம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? சட்டப்படி அத்தான் சொன்னதை அப்படியே எழுதிவிடுவோம். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதைவிட நேர்மை என்ன இருக்கிறது என்று அவன் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான். கோழைக்கும் சில நேரம் நேர்மையின் சட்டை அளவாகப் பொருந்திவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாற்காலி போதவில்லை. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். ஆளாளுக்கு எழுந்து, "களஞ்சியம் வந்தாச்சு, அப்ப கேடயத்தைக் கட்டிக் கொடுத்துட வேண்டியதுதான்" என்றார்கள். எதிர் அணியில் ஒரு பேருந்து நடத்துநர் வாய். அவர் மனைவி கை.

நூலகர் மணியை அடித்தார். "முதல் நவீன ஒலிம்பிக் போட்டி நடந்த நகரம் எது?"

அத்தானின் மூச்சு காதில் பட்டது. "பாரிஸ்."

சாக்பீஸைப் பிடித்திருந்த விரல் தன்னாலேயே 'ஏ' போடப் பார்த்தது. பழக்கதோஷம். அதை இழுத்துப் பிடித்து 'பாரிஸ்' என்று எழுதித் தூக்கினான்.

நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தவறு. ஏதென்ஸ்."

அரங்கில் ஒரு சலசலப்பு. அத்தான் சிலேட்டைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

பெர்லின் சுவர் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்பதற்கு எண்பத்தொன்பது என்று சரியாகவே சொன்னார், கைதட்டல் கிளம்பியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனித உடலின் மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, "சுண்டுவிரல்ல" என்றார். அவன் எழுதினான். நடத்துநரின் மனைவி 'காதில்' என்று எழுதியிருந்தாள். சதுரங்கப் பலகையில் எத்தனை கட்டம் என்பதற்கு அத்தான் வெகு நேரம் யோசித்து, கடைசியில், "நீயே போடு மாப்ளே" என்று முணுமுணுத்தார். சட்டப்படி கைக்குச் சொந்த விடை இல்லை. அவன் வெறும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தான். அரங்கில் யாரோ ஒருவர் சிரித்தார். அக்கா சிரித்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

கடைசிக் கேள்வி வந்தது. "பெனிசிலின் மருந்து எந்த வகை உயிரியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது?"

அரங்கமே நிம்மதியாக மூச்சு விட்டது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது! அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் அந்த மாடியில் இல்லை. விஞ்ஞானி விடுமுறைக்குப் போய்விட்டு வந்தது, கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் பூஞ்சை படர்ந்திருந்தது, பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் செத்துக்கிடந்தது. "பாத்திரத்தைக் கழுவாமப் போறவனைத் திட்டாதீங்க, உலகத்தையே காப்பாத்துவான்" என்று அவர் முடிக்கும்போது எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். கண்ணாடிக்காரனுக்கும் உயிர் வந்தது. இதையாவது சொல்லிவிடுங்கள் அத்தான் என்று மனசுக்குள் மன்றாடினான்.

அத்தான் அவன் காதருகே வந்தார். "கடல் பாசி" என்றார்.

அவன் கை சிலேட்டின் மேல் அப்படியே நின்றது. 'பூஞ்சை' என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தன் கடைக்கு வந்து நின்ற மருந்துக்கடைப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் அத்தான் வைத்த தூக்க மாத்திரை நினைவுக்கு வந்தது. 'கடல் பாசி' என்று எழுதினான். தூக்கிப் பிடித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நூலகர் விடையைப் படிக்கவே இல்லை. மணியை மெதுவாக மேசையில் வைத்தார். முதல் வரிசையில் அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கைப்பை மடியிலிருந்து விழுந்து கிடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கேடயம் நடத்துநர் அணிக்குப் போயிற்று. கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில் அத்தான் எழுந்து மாடிப்படிப் பக்கம் நடந்தார். கண்ணாடிக்காரன் சிலேட்டோடு பின்னால் ஓடினான். படித்திருப்பத்தில் ஜன்னலோரம் அத்தான் நின்றிருந்தார்.

"இன்னைக்கு நான் சொன்னதையே எழுதிட்டே" என்றார்.

அவன் சிலேட்டைப் படியில் வைத்தான். "அத்தான், உங்களுக்கு..."

"எனக்குத் தெரியும் மாப்ளே. வெள்ளின்னு எழுதினியே, அன்னைக்கே தெரியும். நான் சொன்னது ஒண்ணு, சிலேட்டுல இருக்கறது வேற. ஒவ்வொரு வாரமும் உன் சிலேட்டைப் பார்த்துத்தான் எனக்கு எவ்வளவு போயிருக்குன்னு கணக்குப் பார்த்துக்குவேன். வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரலை. நீ சொல்லுவே, நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம்டா. இத்தனை பேர் முன்னாடி வேண்டாம்."

கண்ணாடிக்காரன் அங்கேயே செத்துவிடலாம் என்று நினைத்தான். ஒரு வருஷம் மறைத்தது ஒரு துரோகம் என்றால், இன்று செய்தது அதைவிடப் பெரியது. அவன் எதையாவது சொல்வதற்குள் அக்கா படியிறங்கி வந்துவிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. நேராகத் தம்பியின் முன்னால் நின்றாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கே இன்னைக்குத்தான் தெரியும். பாவம், அதிர்ச்சியில எழுதிட்டான். அவனை ஒண்ணும் சொல்லாதே."

அவர் சொன்னது அவன் காதில் மட்டுமல்ல, அக்கா காதிலும் விழுந்தது. அக்காவின் முகம் இளகத் தொடங்கியதைப் பார்த்தான். தப்பித்துவிடலாம். தலையை மட்டும் ஆட்டினால் போதும். இந்த மனுஷருக்கு வயலின் தந்தியும் பெனிசிலின் கதையும் போய்விட்டன. மாப்ளேயை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும் போகவில்லை.

"இல்லக்கா" என்றான். "அத்தான் சொல்றது தப்பு. எனக்குப் போன வருஷமே தெரியும். நான்தான் மாத்தி மாத்தி எழுதினேன். நீ கேட்டப்ப உன்கிட்டயும் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு வந்து கேட்டா, அவகிட்டயும் பொய் சொன்னேன்."

அக்கா அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அவள் அடிக்கவில்லை. கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் அவரிடம். பிறகு தம்பியைப் பார்க்காமலேயே சொன்னாள்: "அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும். நான் மன்னிப்புக் கேட்கப் போறேன். நீயும் வர்றே. நடந்ததை அவ அப்பா முன்னாடி உன் வாயாலயே நீ சொல்றே."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். அத்தான் பாதியில் நின்று திரும்பினார். "மாப்ளே, பெனிசிலின் எதுலேர்ந்துடா?" என்று கேட்டார்.

"பூஞ்சை அத்தான்."

"ஆமா," என்றார், "அதான்."